நான் கிழித்த முதல் பக்கம்

அன்பு மகளுக்கு அப்பா சொல்லி எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். பெரிய பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போன வருஷம் உனக்கு நினைவிருக்கும், இருபது நாள் ரயில் ஓடவில்லை, உனக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. அந்த வருஷம்தான் காய்ச்சலில் உன் அண்ணன் போனான். அவன் புத்தகங்களை அம்மா பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டாள் என்று இன்றுவரை நீ அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போன் எடுத்தாலும் அப்பாகிட்ட குடு என்கிறாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம், போனில் சொல்ல வாய் வரவில்லை.

பழைய புத்தகக் கடையில் என் வேலை என்னவென்று உனக்கு முழுதாகத் தெரியாது. மூட்டை வந்ததும் முதல் பக்கத்தைப் புரட்டி, பேனா மை கண்ணில் பட்டால் கிழித்துவிட வேண்டும். இன்னொருத்தர் பேர் இருந்தால் வாங்குகிறவர் முகம் சுளிப்பார் என்பார் முதலாளி. எனக்குப் படிக்கத் தெரியாது, மை தெரியும், அது போதும். உன் அண்ணன் போன வருஷம் பேப்பர்காரன் கொண்டுவந்து போட்ட ஒரு மூட்டையிலும் அப்படித்தான் ஏழு புத்தகம் கிழித்தேன். எட்டாவதை எடுத்தால், மாவுப் பை காகிதத்தில் நானே பசை தடவிப் போட்ட அட்டை. கிழித்த தாள்களில் அதற்குள் பக்கத்தில் அட்டை ஒட்டுகிற ஆள் பசைத் தூரிகையைத் துடைத்துவிட்டான். அதில் இருந்தது உன் அண்ணன் கைப்பட எழுதின அவன் பேர், மகளே. மூட்டையை வீட்டுக்குத் தூக்கி வந்திருக்கலாம். கிழித்ததை எப்படிக் காட்டுவேன் என்று பயந்து கடை அலமாரியிலேயே அடுக்கிவிட்டு வந்தேன். நீ அம்மாவைத் திட்டியபோதெல்லாம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எழுதித் தருகிற கீழ்வீட்டுத் தையல்காரர் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, இதையும் எழுதணுமா பெரியவரே, யோசிச்சுக்குங்க என்றார். இதுக்குத்தான்யா உன்னைக் கூப்பிட்டதே, எழுது என்றேன்.

போன வாரம் நூலகத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி விசாரித்துக்கொண்டு வந்தாள். கையில் பறவைப் படம் போட்ட தடிப் புத்தகம். மூன்று முறை எங்கள் கடைக்கு வந்து போன புத்தகம், நாலாவதாக உன் அண்ணன் மூட்டையில் வந்தது, பார்த்ததும் தெரிந்துவிட்டது. இது யார் வீட்டுதுப்பா என்று உன் அண்ணன் ஒவ்வொரு புத்தகத்துக்கும் கேட்பானே, நானும் எந்த வீடு, எத்தனை படி ஏறி வாங்கி வந்தேன் என்று சொல்வேனே, அதையெல்லாம் நடுப்பக்கத்து ஓரத்தில் ஆள் ஆளாகப் பட்டியல் போட்டு எழுதி வைத்திருக்கிறான். அப்பா கை நடுவுல போகாது என்று அவனுக்குத் தெரியும், கள்ளன். விவரம் சொன்னது என் அப்பா என்றும் கடை பேரோடு எழுதியிருக்கிறானாம், அதைப் பிடித்துத்தான் வந்திருக்கிறாள். அவள் வாசித்தாள், நான் விரலால் தடவிப் பார்த்தேன். அம்மாவையும் கூப்பிட்டு எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. கைநாட்டு வைக்கிற மாதிரி அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

உன் முதுகுவலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, சின்னவனைத் தொட்டதற்கெல்லாம் அதட்டாதே. எல்லாரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். அடுத்த முறை போன் செய்தால் அம்மாவைக் கேள், மறக்காதே. என்னிடம் அப்புறம் பேசினால் போதும், பேசாவிட்டாலும் சரிதான். புத்தகத்தை நான் வாங்கிக்கொள்ளவில்லை. பட்டியலில் இருக்கிறவர்களில் யாராவது உயிரோடு இருந்தால் அவங்க கையிலதான் குடுப்பேன் ஐயா என்று அந்தப் பெண் பிடிவாதமாக இருக்கிறாள். முதலில் எழுதியிருக்கிற வக்கீல் போய்விட்டார். அடுத்து பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸம்மா, அவரும் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் போய்ப் பத்து வருஷம். நாலாவது உன் அண்ணன். அவனுக்குக் கீழே, எனக்கப்புறம் இது என் தங்கச்சிக்கு என்று எழுதி உன் பேரைப் போட்டிருக்கிறான். மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான்.

இப்படிக்கு,
உன் அப்பா (இடது கைப் பெருவிரல் ரேகை)