நல்ல நேரம் 9.15 முதல் 10.15 வரை

ஜூலை 14, திங்கள்

செம்மண்டலத்தில் ஏறும்போதே சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. நாள் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது.

அலுவலகத்தில் நுழைந்ததும் செம்பியன் சார் கூப்பிட்டனுப்பினார். எங்கள் பேரூராட்சியின் செயல் அலுவலர். உத்தரவு வந்துவிட்டதாம். கடை உரிமம், வீடு கட்ட அனுமதி, சொத்துவரிப் பெயர் மாற்றம் எல்லாம் வியாழன் முதல் ஆன்லைனில். "ஜெயராணி, இது உங்க பொறுப்பு. பதிவறைய விட்டு வெளிய வாங்க" என்றார். ஆறு வருடம் பழைய கோப்புத் தூசியைத் தின்றவள் நான். கை காலெல்லாம் பரபரவென்று இருக்கிறது.

ஒரு நிபந்தனை. ஆகஸ்ட் 31க்குள் நாற்பது விண்ணப்பமாவது திரை வழியாக வர வேண்டும். வந்தால் செப்டம்பர் 1 முதல் கடலோர ஊராட்சிகளுக்கும் இதே முறை. வராவிட்டால் மறுபடி பேப்பர், எனக்கு மறுபடி பதிவறை.

கடலோர ஊராட்சி என்றால் அம்மாவின் குப்பம். மீன் சாப்பாட்டுக் கடை வைக்க உரிமம் கேட்டு அம்மா ஒரு அலுவலகத்துக்குப் பதினோரு காலை அலைந்தாள். கோப்பு இரண்டு தடவை காணாமல் போனது. காலையில் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்துக் கூடையில் விற்பவள் அவள்; பதினோரு நாளும் ஏலம் போச்சு, அன்றைய கூடை போச்சு. கடைசியில் விண்ணப்பத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டாள். "பொண்ணு கவர்மெண்டு ஆபீசுல இருந்து என்னா பிரயோஜனம்" என்று அம்மா ஆரோக்கியம்மாள் குப்பம் முழுக்கக் கேட்டாள். நாற்பது. நாற்பதே நாற்பது.

ஜூலை 17, வியாழன்

திறந்துவிட்டோம். ரிப்பன், கேசரி, போட்டோ. வந்தவர்கள் எல்லாரும் கேசரி நன்றாக இருந்தது என்றார்கள்.

விண்ணப்பம்: 0.

ஜூலை 24

0.

ஜூலை 31

1. அதுவும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நானே போட்டது.

ஆகஸ்ட் 4, திங்கள்

செம்பியன் சார் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

என்னதான் வேணும் இந்த ஜனத்துக்கு? நோட்டீஸ் ஒட்டியாச்சு, ஆட்டோவுல மைக் கட்டியாச்சு, வீடு வீடா சொல்லியாச்சு. அலைய வேணாம்னு சொன்னா சந்தோஷப்பட மாட்டாங்களா? எல்லாரும் தலைய தலைய ஆட்டறாங்க. ஒருத்தரும் போட மாட்டேங்கறாங்க. பயமா? இல்ல என் மூஞ்சியே சரியில்லியா?

ஆகஸ்ட் 7, வியாழன்

மண்டையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. சிரிப்பும் வருகிறது.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கத்து மாவுக் கடைக்கு நானே போனேன். மாரியம்மாள் அக்கா புதுசாக கிரைண்டர் போட்டு, கடையைப் பெரிசாக்கப் போகிறாள். உரிமம் வேண்டும். கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பினேன். ஆதார், வாடகை ஒப்பந்தம், போட்டோ, எல்லாம் ஏறிவிட்டது. 'சமர்ப்பி' பொத்தானுக்கு விரல் போனது. அக்கா மாவுக் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னா பண்ற நீ. ஆடி மாசத்துல போயி யாராவது கடைக்கு எழுதிக் குடுப்பாங்களா? ஆவணி பொறக்கட்டும்."

ஆடி! நாங்கள் திறந்ததே ஆடி ஒன்றாம் தேதி.

அலுவலகத்துக்கு ஓடினேன். உதவியாளர் தட்சிணாமூர்த்தி மாமாவிடம் சொன்னால் அவர் டீ கிளாஸைக் கீழே வைக்கக்கூட இல்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும்மா. நீங்க கேக்கவே இல்லியே. நீங்க வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க. ஐயாவுக்கு அவுங்க அப்பா காலத்துலேந்தே நாள் நட்சத்திரம் கெடயாது. ரெண்டு பேரா சேந்து தேதி வச்சீங்க. பெரியவங்க ஏதோ முடிவு பண்ணியிருக்காங்கன்னு இருந்துட்டேன்."

இந்த அலுவலகத்தில் காலண்டரின் பின்பக்கம் பார்க்காத ஆட்கள் இரண்டே பேர். வேலையை அந்த இரண்டு பேரிடமே கொடுத்திருக்கிறார்கள்.

செம்பியன் சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். "ஆவணி எப்ப பொறக்குது?" என்று கேட்டார்.

பதினேழு. முதல் முகூர்த்தம் இருபது. ஜனம் வரும். வந்தே தீரும்.

ஆகஸ்ட் 19

மாமா சொல்கிறார்: புதன்கிழமை நல்ல நேரம் 9.15 முதல் 10.15 வரை. என் ஜன்னலில் புதுத் திரைச்சீலை மாட்டினேன். எதற்கென்று தெரியவில்லை. சும்மா.

ஆகஸ்ட் 20, புதன்

எட்டரைக்கே கூட்டம். வெற்றிலைத் தட்டு, பூ, ஒருவர் கையில் எலுமிச்சம்பழம். கதிர்வேல் என்று ஒருவர், அண்ணாமலை நகர் மாணவர்களுக்காக லாட்ஜ் கட்டப் போகிறவர், பொத்தானை அமுக்கத் தன் சின்ன மகளைப் பட்டுப் பாவாடையோடு அழைத்து வந்திருந்தார். வீட்டில் இருந்தே போனில் போடுகிறவர்கள் வேறு. எனக்குச் சந்தோஷம்தான்.

9.14 வரை ஒருவரும் தொடவில்லை. 9.15க்கு அத்தனை பேரும் அமுக்கினார்கள்.

திரையில் வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. எங்களைப் போல் இந்தச் சோதனையில் இருக்கும் ஐந்து ஊருக்கும் சேர்த்து ஒரே ஒரு சின்ன சர்வர். எல்லாரும் வரைபடம், பத்திரம் எல்லாவற்றையும் அந்த நிமிஷத்தில்தான் ஏற்றினார்கள். ஏறவில்லை என்றதும் பத்து பத்து தடவை அமுக்கினார்கள். 10.16க்கு சரியாகிவிட்டது. அப்போது ஒருவரும் போடவில்லை. நேரம் முடிந்துவிட்டதே.

கதிர்வேல் திட்டவில்லை. "நல்ல நேரம் பூரா சுத்திக்கிட்டே போயிடுச்சும்மா. பேப்பர்னா கரெக்ட் டயத்துக்கு மேசையில வச்சிருப்பேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

உள்ளே வந்தது ஏழு. மேலிடத்தில் இருந்து போன், முறையே சரியில்லை, மூடிவிடலாமா என்று. செம்பியன் சார் பத்து நாள் கேட்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சென்னையில் இந்த மென்பொருளைச் செய்த கம்பெனியில் ப்ரீத்தி என்று ஒரு பெண். அவளிடம் முக்கால் மணி நேரம் பேசினேன். முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டு, "மேடம், நீங்க எங்களுக்குக் குடுத்த லிஸ்ட்ல ஒரு எடத்துல கூட இது இல்லியே" என்றாள். எப்படி இருக்கும்? எழுதியது நாங்கள் இரண்டு பேர்.

முடிவு இதுதான். நிரப்புவது, பத்திரம் ஏற்றுவது எல்லாம் முன்னாலேயே முடித்து வைத்துக்கொள்ளலாம். நல்ல நேரத்தில் ஒரே ஒரு அமுக்கு. அமுக்கின நொடியில் மணியோடு எண் வந்துவிடும். முகூர்த்த நாள் காலைகளில் மட்டும் பெரிய சர்வர். தேதிகளை அலுவலகக் கடிதமாக அனுப்ப வேண்டும்.

கடிதத்தில் செம்பியன் சார் கையெழுத்துப் போட வேண்டும். தட்சிணாமூர்த்தி மாமா காலண்டரைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். சார் 'முகூர்த்த நாட்கள்' என்பதை அடித்துவிட்டு 'அதிகப் பயன்பாடு எதிர்பார்க்கப்படும் நாட்கள்' என்று எழுதினார். "எங்க அப்பா இருந்தா என்னைய வீட்டுக்குள்ள விட மாட்டாரு" என்றபடி கையெழுத்துப் போட்டார். மாமா வெளியே போய்ச் சிரித்தார்.

ஆகஸ்ட் 25

காலையில் ரோடு முழுக்க காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள். பஸ் நகர்ந்து போய்ச் சேர நேரமாகிவிட்டது. கதிர்வேல் வீட்டுக்கும் மாரியம்மாள் கடைக்கும் போய்ப் படிவத்தை முடித்துத் தயாராக வைத்தேன். மொத்தம் ஐம்பத்து மூன்று பேர் தயார். எல்லாரும் வியாழக்கிழமைக்குக் காத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்று நல்ல நேரம் 10.45. கதிர்வேல் மகள் அதே பாவாடை. நான் ஜெபமாலையைக் கைக்குள் வைத்திருந்தேன், யாருக்கும் தெரியாமல்.

10.45க்கு அமுக்கினார்கள். வட்டம் சுற்றவே இல்லை. டிங், டிங் என்று போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தன. மாரியம்மாள் அக்கா கடையில் இருந்தே கூப்பிட்டு, "நம்பர் வந்துடுச்சுடி, இதுதானா, இதேதானா" என்று மூன்று தடவை கேட்டாள்.

ஐம்பது வந்தது. பழைய ஏழோடு ஐம்பத்தேழு. சார் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாளைக்கும் முகூர்த்தம் இருக்கில்ல?" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். போகட்டும்.

செப்டம்பர் 1

கடலோர ஊராட்சிகள் இன்று முதல். எங்கள் குப்பமும்.

செப்டம்பர் 2, செவ்வாய்

லீவு போட்டுக் குப்பத்துக்குப் போனேன். அம்மாவுக்கு எல்லாம் நிரப்பி, கடை போடும் இடத்தைப் போட்டோ பிடித்து ஏற்றினேன். ஊரார் நல்ல நேரம் பார்த்த கதையைச் சொன்னபோது அம்மா இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "நமக்கு எல்லா நாளும் ஆண்டவர் குடுத்த நாளு" என்றாள். சரி, அமுக்கு என்று போனை நீட்டினேன்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எட்டாந்தேதி மாதா பொறந்த நாளு. பூசை பாத்துட்டு அமுக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. போனிலேயே அலுவலகக் கணக்கைத் திறந்து பார்த்தேன். கடலோர ஊர்களில் நிரப்பி வைத்துவிட்டு அமுக்காமல் முப்பத்தொரு பேர். எங்கள் கடிதத்தில் எட்டாம் தேதி இல்லை. நானே வேதக்காரி, எனக்கே தோன்றவில்லை.

ப்ரீத்தியைக் கூப்பிட்டேன். "இன்னொரு தேதி இருக்கு" என்றேன். "இந்த தடவ என்ன மேடம்?" என்றாள். அவள் குரலில் சிரிப்பில்லை, பேனா திறக்கிற சத்தம் கேட்டது.

செப்டம்பர் 8, திங்கள்

பூசை முடிந்து கோயில் வாசலிலேயே எல்லாரும் போனை எடுத்தார்கள். அம்மா முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு அமுக்கினாள். எண் வந்தது. மணி 8.12.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி. நாளைக்கு எத்தினி மணிக்கு வரச் சொல்றாங்க?"

"வர வேணாம்மா."

"அப்ப புதங்கெழமையா?"

"வரவே வேணாம்மா."

நம்பவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று புதன்கிழமைக்கு வெள்ளைப் புடவையைத் துவைத்துப் போட்டிருக்கிறாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

காலை 6.40க்கு என் போனுக்கு மெசேஜ்: உரிமம் வழங்கப்பட்டது. உடனே அம்மாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. பஸ்ஸில் இருந்தும் கூப்பிட்டேன். ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்தே போனேன்.

ஒன்பது மணிக்கு அவளே கூப்பிட்டாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"எதுக்குடி இத்தினி தடவ அடிச்ச? ஏலத்துல இருந்தேன்."