சந்தனம் காய்ந்த பிறகு

பிப்ரவரி 5, வியாழன்

ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியிலிருந்து வேலை உத்தரவு வந்துவிட்டது. மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "ஒனக்கு வேலை கெடச்சா மொட்டை போட்டுக்கறேன்னு முருகன்கிட்ட வேண்டிக்கினு இருந்தேன்டி."

எனக்கோ மனசே இல்லை. இரண்டு வருடம் தொழில்முனைவு படித்தது, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு அடுத்தவன் கம்பெனி பஸ்ஸில் ஏறவா? என் புராஜெக்ட் தொப்பி விற்றால் வேலைக்குப் போகமாட்டேன் என்றேன்.

"வித்துட்டு வா, பாக்கலாம்."

பிப்ரவரி 7, சனி

மொட்டை போட்ட குழந்தைகளுக்குப் பருத்தித் தொப்பி. இதுதான் என் கடைசி செமஸ்டர் புராஜெக்ட். துணி, அம்மையார்குப்பத்தில் என் வகுப்புத் தோழி தீபா வீட்டுப் பவர்லூமில் ஓட்டியது. அவளே தைத்து, முயல் காதும் வைத்திருக்கிறாள். கொள்ளை அழகு!

புராஜெக்ட்டுக்கு மார்க் போடும் சடகோபன் சாரிடம் காட்டினேன். "சொந்தக்காரங்க வாங்குனா அது விற்பனை இல்லம்மா, மொய். தெரியாதவங்க வாங்கட்டும்" என்றார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மலைமேல், முடி காணிக்கை மண்டபத்துக்கு வெளியே நானும் தீபாவும் காலையிலிருந்து நின்றோம். வெளியே வருகிற தலையெல்லாம் ஈரச் சந்தனம். அதன்மேல் யார் தொப்பி போடுவார்கள்? "சந்தனம் ஒட்டிக்கும், போம்மா" என்று ஒரு பெரியவர் விரட்டியே விட்டார்.

திருத்தணியில் பிறந்து, மூன்று தடவை மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனத்தை மறந்தவள் நான் ஒருத்திதான். வாங்கியது சித்தி மட்டும். மொய்!

பிப்ரவரி 9, திங்கள்

தொப்பிப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ரயிலுக்கு வருவதற்குள் சந்தனம் காய்ந்துவிடும் இல்லையா? அதனால் இன்று ஸ்டேஷனில் நின்றோம். குழந்தைகள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தன. மொட்டையைப் பற்றி அவற்றுக்கு என்ன கவலை? ஒன்றும் விற்கவில்லை.

கிளம்பும்போது, துப்பட்டாவை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்த ஒரு அக்கா கூப்பிட்டார். "பெரியவங்க சைஸ் இருக்காங்க? நாளைக்கு ஆபீஸ். உடம்புக்கு என்னா, ஏதுன்னு ஆளாளுக்குக் கேப்பாங்க."

இல்லைங்க என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது — தேடி வந்து ஒருவர் கேட்கிறார், என்னிடம் இல்லை! போன் நம்பர் கொடுத்தார். பெயர் யோகலட்சுமி. நான் யாரென்றே அவருக்குத் தெரியாது.

பிப்ரவரி 22, ஞாயிறு

இந்தத் தடவை பெரியவர்கள் சைஸ். காது கிடையாது, பூ கிடையாது. கருநீலம், பழுப்பு, பிடரிவரை இறக்கம். இரண்டு ரயில் போவதற்குள் பை காலி. நகரிக்காரம்மா ஒருவர் தெலுங்கில் பேரம் பேசியே என்னை ஒரு வழி பண்ணிவிட்டார். யோகலட்சுமி அக்காவுக்குத் தபாலில் அனுப்பியாயிற்று.

வீட்டுக்கு வந்ததும், வேலை வேண்டாமென்று கம்பெனிக்கு எழுதிவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன். சோறு போட்டாள், பேசவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டு பூக்கடை பத்மா அக்கா தொப்பிகளைத் தொங்கவிட இடம் கொடுத்திருக்கிறார். துணி இன்னும் மெலிதாக வேண்டுமென்று தீபா அவள் நைனாவோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அம்மா இன்னும் பேசவில்லை. பயமாகத்தான் இருக்கு. அவசரப்பட்டுட்டேனா? கையில இருந்த வேலைய எவளாவது விடுவாளா?

மார்ச் 8, ஞாயிறு

காலையில் எழுந்தால் அம்மாவைக் காணோம். வெயில் ஏறியபின் வந்தாள், தலையில் முக்காடு. எங்கே போனாய் என்று கேட்டேன். முக்காட்டை எடுத்தாள். மொட்டை. மேலே சந்தனம்.

"நான்தான் வேலைக்குப் போவலியேம்மா!" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"வேலை கெடைக்கணும்னுதான் வேண்டிக்கினேன். ஸ்ரீபெரும்புதூர்லன்னா சொன்னேன்? தெச்சிகினு, தூக்கிகினு ஓடிகினு கீற, பாக்கலியா நானு?" குரல் அதட்டல்தான். பிறகு, "அந்த நீலத்துல ஒண்ணு எடு" என்றாள்.

"சந்தனம் காயட்டும்மா."

இரண்டு பேரும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தோம். காய்ந்ததும் நானே போட்டுவிட்டேன். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். சடகோபன் சாரிடம் சொல்லப்போவதில்லை.