நடுக் கொக்கி

பூதப்பாண்டி
13.7.2025

அன்புள்ள அத்தானுக்கு,

பெமிலா எழுதுகிறேன். சுந்தர்சிங் அண்ணன் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறார் அல்லவா, அவர் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

மூன்று வாரமாகப் போனை எடுக்கவில்லை என்று கோபமாக இருப்பீர்கள். சார்ஜும் தீரவில்லை, நெட்டும் போகவில்லை. நான்தான் எடுக்கவில்லை. அன்றைக்கு வீடியோவில் அஜிஷாவிடம் இருபத்து மூன்று எழுதிக் காட்டச் சொன்னீர்கள். அவள் 203 என்று எழுதி, ஆசையாகத் தாளைத் தூக்கிக் காட்டினாள். நீங்கள் மண்டு என்றீர்கள், மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்றீர்கள். உங்கள் அறையில் இருந்தவர்கள் சிரித்த சத்தம் இங்கே வரை கேட்டது. அதற்குப் பிறகு போன் அடித்தாலே பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். யாருடைய போன் என்றுகூடப் பார்ப்பதில்லை.

அவள் எழுதியதில் ஒரு நியாயம் இருக்கிறது, அத்தான். இருபது என்றால் 20. மூன்று என்றால் 3. காதில் கேட்டதைக் கேட்ட வரிசையில் எழுதியிருக்கிறாள். நான் பாடம் எடுக்கும் இரண்டாம் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுவார்கள். அது படிப்பு ஏறாததால் வருவது இல்லை, படித்துக்கொண்டிருப்பதால் வருவது. இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள்.

கொஞ்ச நாளைக்குக் காகிதத்திலேயே பேசிக்கொள்வோம். காகிதத்தில் சத்தம் போட முடியாது பாருங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
பெமிலா

*

மஸ்கட்
9.8.2025

அன்புள்ள பெமிலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டீச்சரம்மா வீட்டுக்காரனுக்கும் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டாய். சரி, எடு.

பேனா பிடித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. ஸ்டோரில் எல்லாம் கம்ப்யூட்டர். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் ஏன் வந்தது என்று நீ கேட்கவில்லை. இங்கே ஒரு சைபர் கூடினாலோ குறைந்தாலோ கன்டெய்னர் கன்டெய்னராகச் சரக்கு மாறிப்போகும். மானேஜர் என்னை எல்லார் முன்னாலும் நிறுத்தி வைத்துத்தான் கேட்பான். நான் பட்டதை என் மகள் படக் கூடாது என்று நினைத்தால் அது குற்றமா?

இனி நல்ல சேதி. ஃபேமிலி விசாவுக்கு வழி பிறந்திருக்கிறது. ஏப்ரலில் நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்துவிடலாம். சின்ன ஃபிளாட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், அடுக்களையில் ஜன்னல் உண்டு. நாலு ஆண்களோடு ஒரே அறையில் கிடந்து, முறை வைத்துச் சமைத்து, எனக்கு அலுத்துவிட்டது பெமிலா. கல்யாணம் ஆகி ஒன்பது வருஷத்தில் நாம் ஒன்றாக இருந்த நாளைச் சேர்த்து வைத்தால் ஒரு வருஷம் தேறாது.

ஒரே ஒரு காரியம். இங்குள்ள ஸ்கூலில் மூன்றாம் வகுப்பில் சேர்க்க டெஸ்ட் வைப்பார்கள். கணக்குத்தான் முக்கியம். வீடியோவில் பார்த்தேனே, நீ அவளோடு குச்சி அடுக்கி விளையாடியது போதும், எழுத வை. தினமும் ஒன்று முதல் ஆயிரம் வரை எழுதட்டும். கை வலித்தால் மண்டையில் தானாக ஏறும்.

அஜிஷாவுக்கு என் முத்தம். அவளுக்கு ஒரு சிவப்பு ஷூ வாங்கியிருக்கிறேன்.

உன் அத்தான்,
ஆன்ஸ்லின்

*

பூதப்பாண்டி
12.10.2025

அன்புள்ள அத்தானுக்கு,

விசா சேதி படித்து அழுதுவிட்டேன். அடுக்களையில் ஜன்னல் இருப்பதைக்கூடப் பார்த்து வைத்திருக்கிறீர்களே என்றுதான் அழுகை வந்தது. பள்ளிக்கூட மேனேஜரிடம் மார்ச்சோடு நின்றுகொள்வதாக வாய்ச்சொல்லாகச் சொல்லி வைத்திருக்கிறேன். வடசேரியில் உங்களுக்குப் பிடித்த மிளகாய் வற்றல்கூட விலை கேட்டு வந்தேன்.

குச்சி அடுக்குவதைக் கேலி செய்கிறீர்கள், அதனால் அந்தக் கதையை நீங்கள் கேட்டே ஆக வேண்டும். மூன்று பால்பொடி டப்பா, ஒரு கத்தை ஈர்க்கில் குச்சி, கொஞ்சம் ரப்பர் பேண்ட். வலது டப்பா ஒற்றைக் குச்சிகளுக்கு. அங்கே பத்து சேர்ந்துவிட்டால் கட்டுப் போட்டு நடு டப்பாவுக்கு அனுப்பிவிட வேண்டும். நடுவில் பத்துக் கட்டு சேர்ந்தால் எல்லாவற்றையும் சேர்த்து ரிப்பனால் பெருங்கட்டாகக் கட்டி இடது டப்பாவுக்கு அனுப்ப வேண்டும். சட்டம் இவ்வளவுதான்.

ஒரு நாள் அஜிஷா 33 எழுதிவிட்டு, "ரெண்டும் மூணுதானே அம்மா, இது மட்டும் என்னத்துக்கு முப்பது?" என்று கேட்டாள். டப்பாக்களை அவள் பக்கம் நகர்த்தினேன். கொஞ்ச நேரம் எட்டி எட்டிப் பார்த்தாள். பிறகு, "ஓ, இது கட்டு மூணு, இது ஒத்த மூணு!" என்று கத்தினாள். நீங்கள் பார்க்க வேண்டிய முகம் அத்தான் அது. இப்போது இருபத்து மூன்றை 203 என்று எழுதுவதே இல்லை.

இப்போது நூறுக்கு மேலே போயிருக்கிறோம், டப்பாவில் மட்டும். நூற்றைந்து சொன்னால் ஒரு பெருங்கட்டு, ஐந்து ஒற்றைக் குச்சி போட்டுவிட்டு, "நடு டப்பால ஆளில்ல!" என்று கண்டக்டர் மாதிரி சத்தம் போடுவாள். இருபதில் வரும் பூஜ்யத்தை அவள் உருப்போட்டுத்தான் எழுதுகிறாள்; ஆளில்லாத டப்பாவுக்கு அடையாளமாகத் தாளில் பூஜ்யம் போட வேண்டும் என்பது அடுத்த பாடம். அதை ஜனவரியில்தான் தொடங்குவேன். பெரியவர்களுக்கே குழப்பமான இடம் அது. அவசரப்படுத்தினால் பிள்ளைகள் எல்லாவற்றிலும் பூஜ்யம் போட்டு வைப்பார்கள்.

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வரும்போது எனக்கு ஒரே ஒரு வாக்கு வேண்டும். அவளிடம் கணக்குக் கேட்கக் கூடாது. ஒன்றும் ஒன்றும் எத்தனை என்றுகூடக் கேட்கக் கூடாது. உங்களோடு கைகோத்து நடந்து பழகட்டும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன், டெஸ்டையும் சேர்த்து.

அன்புடன்,
பெமிலா

*

மஸ்கட்
16.11.2025

ஏட்டி பெமிலா,

லீவு கிடைத்துவிட்டது. டிசம்பர் இருபதாம் தேதி காலை திருவனந்தபுரம் வந்து இறங்குவேன். கார் எல்லாம் வேண்டாம், பஸ் பிடித்து வடசேரி வந்துவிடுகிறேன்.

நீ கேட்ட வாக்கைத் தந்தேன். கணக்குக் கேட்க மாட்டேன். பெற்ற பிள்ளையிடம் பேசுவதற்கும் பெண்டாட்டியிடம் அனுமதி வாங்க வேண்டிய காலமாகிவிட்டது, ஆனாலும் தந்தேன். ஆண்டவர் சாட்சி.

உன் அத்தான்,
ஆன்ஸ்லின்

*

பூதப்பாண்டி
11.1.2026

அன்புள்ள அத்தானுக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்ததாக சுந்தர்சிங் அண்ணன் வீட்டில் சொன்னார்கள். நீங்கள் புறப்படுகிற வரை வாயைத் திறக்காமல் இருந்தேன். வீடு நிறைய ஆட்கள், பண்டிகை நேரம், கேக்குத் தட்டை ஏந்திக்கொண்டு சண்டை போட முடியுமா? இப்போது சொல்கிறேன்.

கணக்குக் கேட்க மாட்டேன் என்றீர்கள். கேட்கவில்லைதான். அதற்குப் பதில் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு முன்னால், ஆலயத்து வேலை பார்க்கும் தங்கையன் மாமாவிடம் போய், "இன்னைக்குப் பாட்டு நம்பர எனக்க மொவ மாட்டட்டும் மாமா" என்று கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். பிள்ளையை ஸ்டூலில் ஏற்றிவிட்டு பாட்டு எண் பலகையின் கொக்கிகளில் மாட்ட எண் தகடுகளைக் கையில் கொடுத்திருக்கிறீர்கள். இதற்குப் பெயர் சோதனை இல்லையா? நான் பாடகர் குழுவோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். பலகையைப் பார்த்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முதல் இரண்டு வரியிலும் இரண்டு இலக்க எண்கள், சரியாக இருந்தன.

மூன்றாவது பாட்டு இருநூற்றைந்து. தங்கையன் மாமா வாயால் சொல்ல, அவள் இடது கொக்கியில் 2 மாட்டினாள், வலது கொக்கியில் 5 மாட்டினாள். நடுக் கொக்கியைச் சும்மா விட்டுவிட்டாள். சபையார் இருபத்தைந்து என்று படித்துவிட்டார்கள். குழு பிறப்பின் பாட்டைத் தொடங்க, பின்வரிசையில் பாதிப் பேர் லெந்து தவக்காலத்துப் பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முழித்தார்கள். போதகர் ஐயர் சிரித்துக்கொண்டே எண்ணை வாயால் சொன்னார். பாட்டு ஒழுங்காக முடிந்தது. அதோடு காரியமும் முடிந்திருக்கலாம்.

நான் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வருவதற்குள் நீங்கள் அவளை வாசலில் நிறுத்திவிட்டீர்கள். பூஜ்யத் தகட்டைக் கையில் பிடிக்கக் கொடுத்து, "வாறவங்க எல்லாருட்டயும் சொல்லுட்டி, இது பூஜ்யம், நான் மறந்துட்டேன்னு" என்று சொல்லியிருக்கிறீர்கள். புது உடுப்பும் நீங்கள் வாங்கித் தந்த சிவப்பு ஷூவும் போட்டுக்கொண்டு அவள் அதை ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறாள். "சின்னப் பிள்ளதானே, விடும்" என்று எத்தனையோ பேர் சொன்னார்களாம். கடைசியில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிற கிளாரா டீச்சர்தான் தகட்டைப் பிடுங்கிவிட்டு அவளை என்னிடம் கூட்டி வந்தாள். நீங்கள் சிரித்துக்கொண்டு நின்றீர்கள்.

நீங்கள் போன மறுநாள் அவளைக் கேட்டேன், ஏன் மக்கா நடுவில் ஒன்றும் மாட்டவில்லை என்று. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நடுவுல கட்டு ஒண்ணும் இல்லல்லா அம்மா. இல்லாதத எப்பிடி மாட்டுகது?"

புரிகிறதா அத்தான்? அவள் ஒன்றையும் மறக்கவில்லை. இரண்டு எங்கே நிற்க வேண்டும், ஐந்து எங்கே நிற்க வேண்டும், எந்த இடம் காலியாக இருக்க வேண்டும் என்று அத்தனையும் தெரிந்து மாட்டியிருக்கிறாள். இடமதிப்பு என்றால் அதுதான். காலி இடத்துக்கும் ஓர் அடையாளம் போட வேண்டும் என்பதை மட்டும் நான் இன்னும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தரவில்லை என்று உங்களுக்கு எழுதியும் இருந்தேன். கோபம் என்றால் என்னைத்தான் வாசலில் நிறுத்தியிருக்க வேண்டும்.

அவளுக்கு ஒரு வரி எழுதுங்கள். நீ சரியாகத்தான் மாட்டினாய், அப்பாவுக்குத்தான் தெரியவில்லை என்று எழுதுங்கள். அது போதும், மற்றதை நான் மறந்துவிடுகிறேன். ஏப்ரலுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

பெமிலா

*

மஸ்கட்
1.2.2026

பெமிலாவுக்கு,

படித்தேன். ஒரு சின்ன விளையாட்டை இவ்வளவு பெரிதாக்க உன்னால்தான் முடியும். ஊரே சிரித்தது, ஐயரே சிரித்தார். நான் சிரித்தால் மட்டும் குற்றம்.

நீயே ஒத்துக்கொள்கிறாய், பூஜ்யம் சொல்லித் தரவில்லை என்று. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பூஜ்யம் தெரியாதாம், அதற்கு அம்மா நியாயம் எழுதுகிறாளாம். இங்கே டெஸ்டில் போய் நடு இடத்தைக் காலியாக விட்டால், இந்தப் பிள்ளைக்கு உள்ளுக்குள் எல்லாம் தெரியும் என்று மார்க் போடுவானா? சபை முன்னால் தலைகுனிந்தது நான். என் மகள் மாட்டுவாள் என்று பெருமையாகக் கேட்டு வாங்கியவன் நான். அதை நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

பிள்ளையிடம் அப்பன் தப்பு என்று எழுதிக் கொடுக்க மாட்டேன். நாளைக்கு அவள் என்னை எதற்கு மதிப்பாள்? நான் பக்கத்தில் இல்லாமல் வளர்ந்ததால்தான் இந்தத் தொட்டாற்சிணுங்கித்தனம். இங்கே வந்து தினமும் என்னிடம் உட்கார்ந்தால் ஆறு மாதத்தில் சரியாகிவிடும். சாயங்காலம் ஏழு மணிக்குள் நான் வீட்டுக்கு வந்துவிடுவேன், நானே சொல்லிக் கொடுத்துக்கொள்கிறேன். உன் டப்பாக்களை அங்கேயே விட்டுவிட்டு வா.

ஏப்ரல் நான்காம் தேதிக்கு டிக்கெட் போட்டாயிற்று, இதோடு வைத்திருக்கிறேன். ஃபிளாட்டுக்கு வெள்ளை அடித்தாயிற்று. அஜிஷாவுக்கு ஒரு மேசையும் நாற்காலியும் வாங்கிப் போட்டிருக்கிறேன், என் கட்டிலுக்கு நேர் எதிரே.

ஆன்ஸ்லின்

*

பூதப்பாண்டி
22.2.2026

அத்தானுக்கு,

டிக்கெட் வந்து சேர்ந்தது. உங்கள் கடிதத்தை இரண்டாவது முறை படிக்கவில்லை. ஆனாலும் வருவது என்றுதான் நினைத்திருந்தேன். மனுஷன் தனியாகக் கிடக்கிறார், வாய்தான் அப்படி, பக்கத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெட்டிகூட இறக்கித் துடைத்து வைத்தேன்.

நேற்று அஜிஷாவிடம் சொன்னேன், அப்பாவிடம் போகப் போகிறோம், விமானத்தில் போகப் போகிறோம் என்று. விமானம் என்றதும் துள்ளினாள். ஜன்னல் பக்கம் தனக்குத்தான் என்றாள். பிறகு, "அங்க அப்பா தெனமும் வீட்டுக்கு வருவாவளா?" என்று கேட்டாள்.

"பின்னே? வேல முடிஞ்சா தெனமும் வருவாவ."

"லீவு முடிஞ்சு திரும்பப் போவமாட்டாவளா?"

"போவமாட்டாவ மக்கா. நம்மகூடயேதான் இருப்பாவ."

எழுந்து போய்விட்டாள். சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவளே பெட்டிக்குள் வைத்தாள். அவளுடைய உடுப்பு எதையும் வைக்கவில்லை.

"அம்மா, நான் கிளாரா டீச்சர் வீட்டுல நிக்கட்டா? அவங்க பாத்துக்கிடுவாங்க. நான் சேட்ட பண்ணமாட்டேன். நீ மட்டும் போய் அப்பாகூட இரு."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, அத்தான். அழுதிருந்தால் சமாதானம் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். எல்லாவற்றையும் யோசித்து, என்னை உங்களுக்கு விட்டுக் கொடுத்துவிட்டு, தனக்கு ஓர் இடத்தையும் பார்த்து வைத்துக்கொண்டுதான் என்னிடம் வந்தாள்.

டிக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நாங்கள் வரவில்லை.

பெமிலா