ஃபோல்டரைக் காலி செய்யாதவள்

என் மேசைமேல் ஒரு மக்ரூன் மிட்டாய்ப் பெட்டி இருக்கிறது. காலையில் முதலாளி அண்ணாச்சி கொண்டுவந்து வைத்தார். "பக்கம் பறக்குதும்மா! டிரைவர்மாரெல்லாம் போன் போட்டுச் சொல்லுதாங்க," என்றார். ஆபீஸே கைதட்டியது. நானும் வெட்கமில்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். உனக்கு வரவேண்டிய பெட்டி அது.

நான் செய்த வேலை இவ்வளவுதான்: ஐந்து வருஷத்துக்கு முன்னால் நீ எழுதி, பிறகு உன் கையாலேயே நிறுத்திவைத்த புரோகிராம் வரிகளைத் தேடியெடுத்து மறுபடி ஓடவிட்டேன்.

அப்போது இங்கே புரோகிராம் எழுத நாம் இரண்டு பேர்தான். நீ நாசரேத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாய். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிவரும் டிரெய்லர்கள் எந்த கேட்டில், எப்போது நுழையவேண்டும் என்று டிரைவர்களுக்குக் காட்டும் பக்கத்தை நாம்தான் செய்தோம். அது திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். நீ இரண்டு நாள் துருவிக் காரணத்தைப் பிடித்தாய். ஒவ்வொரு டிரைவர் திறக்கும்போதும் சர்வர் அந்தப் பக்கத்தின் டெம்ப்ளேட்டை, அதாவது நாம் எழுதிவைத்த மாதிரி வடிவத்தை, முதல் வரியிலிருந்து வாசித்து, தனக்குப் புரியும் புரோகிராமாக மாற்றி, காட்டி முடித்ததும் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. அடுத்தவருக்கு மறுபடி முதலிலிருந்து.

"ஒவ்வொரு இட்லிக்கும் தனித்தனியாவா மாவாட்டுவாங்க?" என்று சிரித்தாய். ஒருமுறை மாற்றியதை ஒரு ஃபோல்டரில் வைத்து, எல்லாருக்கும் அதிலிருந்தே காட்டும்படி செய்தாய். கேஷிங் என்பார்கள் இதை. தட்டியவுடன் பக்கம் வந்து நின்றது.

ஆனால் ஒரு நிபந்தனை. பிறகு டெம்ப்ளேட்டில் யாராவது கைவைத்தால் சர்வருக்குத் தெரியாது. ஃபோல்டரில் இருக்கும் பழையதையே காட்டும். "ஏளா, மாத்துனவதான் ஃபோல்டரக் காலி பண்ணணும். மறந்துராத," என்றாய்.

"நான் என்ன பச்சப்பிள்ளையா?" என்றேன் நான்.

ஒரு சனிக்கிழமை கேட் மாறிய தகவல் வந்தது. டெம்ப்ளேட்டில் இருந்த அறிவிப்பைத் திருத்தி ஏற்றினேன். என் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன், புதிய கேட் அழகாகத் தெரிந்தது. உன் ஏற்பாடு சர்வரில் மட்டும்தான், என் கம்ப்யூட்டரில் ஓடும் நகலில் கிடையாது என்பது நினைவிலேயே இல்லை. சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது போன் அலறிக்கொண்டிருந்தது.

"ஒங்க பக்கத்துல பழைய கேட்டத்தான போட்டிருக்கு, தங்கச்சி? ரெண்டு மணி நேரமா வெயில்ல கெடக்கேன். இப்ப வந்து அங்கன போன்னு சொல்லுதாங்க," என்றார் ஒரு டிரைவர்.

போனை வைத்ததும், ஒருவருக்கும் சொல்லாமல் முதலில் ஃபோல்டரைக் காலி செய்தேன். அன்று மாலை கப்பல் சில கன்டெய்னர்களை விட்டுவிட்டே கிளம்பிப் போனது. அண்ணாச்சி கத்திக்கொண்டே உள்ளே வந்தார். "யாரு பாத்த வேல இது?"

"அவ போட்ட கேஷிங்தான் அண்ணாச்சி. பழசையே காட்டியிருக்கு," என்றேன்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பொய் சொல்லியிருந்தால்கூட இத்தனை வருஷம் இப்படி உறுத்தியிருக்காது. நீ அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். மீதியை நான் சொல்வேன் என்று காத்திருந்தாய். நான் மானிட்டரில் ஏதோ வாசிப்பதுபோல் குனிந்துகொண்டேன். "ஒன் வித்தையெல்லாம் கழத்திரும்மா," என்று அவர் உன்னிடம் சொன்னார். நீ கழற்றினாய். பக்கம் பழையபடி ஊர்ந்தது.

அன்று பஸ் ஸ்டாப்பில் கோபமே இல்லாமல் கேட்டாய், "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?" பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் நான் திரும்பிக்கொண்டேன். அதற்குப்பின் உனக்குப் புரோகிராம் வேலை தரவில்லை, போன் எடுக்க வைத்தார்கள். மூன்றாம் மாதம் வேலையை விட்டு நின்றுவிட்டாய். நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நீ எதிரில் இல்லாதது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது.

போன வருஷம் காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை. கல்லறைத் தோட்டத்தில் உன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்களப் பத்தி ரொம்பச் சொல்லுவா. வேலையில கெட்டின்னு." நான் செய்ததை வீட்டில்கூட நீ சொல்லியிருக்கவில்லை. அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டேன்.

இன்று மதியம் அண்ணாச்சியின் அறைக்குப் போனேன். "பக்கம் பறக்குறது அப்ப என்கூட இருந்தவ எழுதுனதாலதான் அண்ணாச்சி. கப்பல் கன்டெய்னர விட்டுட்டுப் போன அன்னைக்கு ஃபோல்டரக் காலி பண்ணாம விட்டது நான்," என்றேன். வேலை போகும் என்று நினைத்தேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இதுக்கா? அன்னைக்கே சொல்லியிருந்தா நாலு ஏச்சு ஏசிட்டு விட்டிருப்பேனம்மா." அவ்வளவுதான். அடுத்த போனை எடுத்துவிட்டார்.

நாலு ஏச்சு. அதற்குப் பயந்துதான் உன்னைக் காட்டிக்கொடுத்தேன். அவர் இன்று அதைக்கூட ஏசவில்லை. ஏசும் உரிமை உனக்குத்தான் இருந்தது, நீ ஒருநாளும் ஏசவில்லை. வாங்காத அந்த ஏச்சைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.