தோல் துண்டில் கட்டிய மலை

இன்று காலை தோல்பைக்கு உள்துணி ஒட்டுவதற்காகப் புதுச் சொலூஷன் டப்பா ஒன்றைத் திறந்தேன். நெடி மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. வந்து நின்றது, அவ்வளவுதான். நீ போய் மூன்று வருஷமாகப் போகிறது, எனக்கு இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. "கல்லு மாதிரி இருக்கியளே" என்கிறாள் வீட்டுக்காரி. இருந்துவிட்டுப் போகிறேன்.

நாம் ஆட்டத்துக்குக் கட்டிய அந்தத் தோல் மலையை இந்தச் சொலூஷனில்தான் ஒட்டினோம். சீனாக்காரனோடு நடந்த சண்டை முடிந்து, பட்டாளத்தில் உன்னை ரிசர்வுக்கு அனுப்பி, நீ தாராவிக்கு வந்து என் பட்டறைத் தையல் மிஷினில் உட்கார்ந்து ஒரு வருஷம் இருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு பட்டறை ஓடாது. மாட்டுங்கா நடைபாதையில் நான் வாங்கிய பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில், மேஜை மேல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து, ஸ்கேலால் அளந்து நகர்த்தி, பகடை போட்டுச் சண்டை ஆடுவது பற்றி எழுதியிருந்தது. எனக்கு அந்த மாதிரிக் கிறுக்கெல்லாம் உண்டு. "மாப்ளே, ஒன் சண்டையையே ஆட்டமாப் பண்ணுவோமா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. நீ நூலைக் கடித்து அறுத்தாய். பிறகு, "பண்ணு பாய். நானும் பாக்கணும்" என்றாய்.

எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். உன்னோடு சேர்த்துப் பத்துப் பேர், ஆபீசருக்கு அடுத்து அவர்களை நடத்துகிற நாயக் நீ. ஆபீசர் செத்துப்போனதும் மலையை விட்டு இறங்கச் சொன்னது நீ. இறங்குகிற வழியில் ஆறு பேர் போனார்கள். நீயும் மூன்று பேரும் பிழைத்தீர்கள். இறங்காமல் அங்கேயே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதுதான் உன்னைத் தின்றுகொண்டிருந்தது.

வெட்டுப் பலகை மேல் கழிவுத் தோலை அடுக்கி ஒட்டினோம். சரிவு போதாது என்று இரண்டு தடவை பிய்த்துப் போட்டாய். "இங்கன ஒரு பாறை கெடக்கும் பாய். அதுக்குப் பின்னாலதான் அவன் மிஷின்கன்" என்று விரலால் அழுத்திக் காட்டினாய். உன் ஆட்களுக்குப் பையில் அடிக்கிற பித்தளை ரிவெட். நான் சீனாக்காரன், எனக்கு இரும்பு ரிவெட். ஆளுக்கு எத்தனை தோட்டா, பனியில் ஏற எவ்வளவு நேரம் என்று நீ சொல்லச் சொல்ல நான் நோட்டில் விதி எழுதினேன். எட்டு வெள்ளிக்கிழமை ஆடினோம். எட்டிலும் ஒரு பித்தளைகூட மிஞ்சவில்லை.

தோற்கத் தோற்க உன் முகம் தெளிந்துகொண்டு வந்தது. "பாத்தியா பாய், நின்னாலும் சாவுதான்" என்பாய். பாதியில் வைத்துவிடுகிற சாயாவை முழுசாகக் குடிப்பாய். மருந்து வேலை செய்துகொண்டிருந்தது, மடையன் நான் கவனிக்கவில்லை. எனக்கு ஆட்டம் சப்பென்று இருந்தது. ஒரே பக்கம் தோற்றுக்கொண்டிருந்தால் அது என்ன ஆட்டம்? இரண்டு பக்கமும் ஜெயிக்க வழி வேண்டும் என்று பத்திரிகையிலும் போட்டிருந்தது. ஒன்பதாவது வெள்ளி, நீ வருமுன் இரண்டு விதிகளை மாற்றினேன். உனக்குத் தோட்டா இரண்டு மடங்கு, எனக்கு ஏறும் வேகம் பாதி. உன்னிடம் சொல்லவில்லை. ஒரு தடவை ஜெயித்தால் சந்தோஷப்படுவாய் என்றுகூட நினைத்தேன், படுபாவி.

அன்று மலை விழவில்லை. உச்சியில் ஐந்து பித்தளை நின்றது.

நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். "அப்போ நின்னுருக்கலாம்" என்றாய்.

"ஏ மாப்ளே, நாந்தான் தோட்டாவக் கூட்டி வெச்சேன். இந்தா, நோட்டப் பாரு" என்று நீட்டினேன். நீ வாங்கவில்லை.

"காலி பீலி, சும்மா எனக்காவச் சொல்லாத பாய். எட்டு தடவ நான் ஆளுகள ஒழுங்கா நிறுத்தல. இன்னைக்கி நிறுத்துனேன். அம்புட்டுதான்."

பழைய விதியில் ஆடிக் காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். அதன் பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் நீ ஆட உட்காரவில்லை. சாயா பழையபடி பாதியில் ஆறியது.

அறுபத்தைந்தில் அடுத்த சண்டை வந்தது. ரிசர்வில் இருந்தவர்களைக் கூப்பிட்டார்கள். ரயிலில் ஏறும்போது, "இந்தத் தடவ எறங்க மாட்டேன் பாய்" என்றாய். கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி முகம். நான் "பத்திரமாப் போய்ட்டு வா" என்றேன்.

உன் அண்ணன் கடிதம் எழுதினார். பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தும், மற்றவர்களை அனுப்பிவிட்டு, நீ மட்டும் பதுங்குகுழியை விட்டு எழுந்திருக்கவில்லையாம். பெருமையாகத்தான் எழுதியிருந்தார். படித்து மடித்து வைத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தேன். அன்றைக்குத் தர வேண்டிய பைகளை அன்றைக்கே தைத்துக் கொடுத்தேன். ஒரு தையலும் பிசகவில்லை.

பிறகொரு நாள் அந்த நோட்டைத் திறந்தேன். நான் மாற்றிய விதிகளுக்கெல்லாம் மேலே, முதல் பக்கத்தில், முதல் விதி: மலையை விட்டு இறங்கிய ஆளைச் செத்தவனாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் சுலபமாக இருக்கட்டும் என்று எழுதியது, வேறெதையும் யோசிக்கவில்லை. ஆட உட்கார்ந்த முதல் வெள்ளிக்கிழமை உனக்கு அதை உரக்கப் படித்துக் காட்டினேன். இறங்கி வந்தவன் நீ, எதிரே உட்கார்ந்திருந்தாய். "சரி பாய்" என்றாய். யார் எதற்கு "சரி பாய்" என்றாலும், எனக்கு இன்றும் அது உன் குரலில்தான் கேட்கிறது.