ஒரே கதவில் இரண்டு பூட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

ஊரே அடங்கின நேரத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன், மன்னித்துக்கொள். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொள். இவருக்குப் பணிமனையில் இந்த வாரம் இரவு வேலை. வாயாடி இப்போதுதான் கண் அசந்தாள். பகலில் பேனாவை எடுத்தால் பக்கத்தில் வந்து நின்று என் முகத்தையே பார்க்கிறாள். காது கேட்காத பிள்ளைக்கு முகம் படிக்கத் தெரியும், உனக்குத் தெரியாததா?

அத்தானுக்கு முதுகுவலி தேவலையா? நீ பின்னி அனுப்பிய ஸ்வெட்டர் அவளுக்குக் கச்சிதம். கை மட்டும் கொஞ்சம் நீளம். வளர்ந்துவிடுவாள்.

பள்ளிக்கூடத்தில் அந்த அறையை இன்னும் திறக்கவில்லை. நீ வந்திருந்தபோது பார்த்தாயே, தரையெல்லாம் கம்பளம், சன்னலுக்குக் கனத்த திரை, மேசைமேல் ஒலியைப் பெருக்கித் தரும் அந்தப் பெரிய பெட்டி. வாயாடி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு கையை டீச்சரின் தொண்டையில் வைத்து, மறு கையைத் தன் தொண்டையில் வைத்து, "ம்ம்" என்று இழுத்தாளே. அங்கேதான் அவளுக்கு முதல் வார்த்தை வந்தது. வந்த பிறகு நிறுத்தவில்லை. வாயாடி என்று பேர் வைத்ததும் அந்த டீச்சர்தான்.

பள்ளிக்கூடங்களை நகரசபையிடமிருந்து எடுத்து மாநிலக் கல்வித்துறையே நேரடியாக நடத்தப்போகிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். நகரசபை வழக்குப் போட்டுவிட்டது. தீர்ப்பு வரும்வரை வகுப்புகள் பாட்டுக்கு நடக்கின்றன. கரும்பலகையை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்? ஆனால் அந்த அறையில் இருப்பது விலையுயர்ந்த கருவி. எங்கள் சொத்து என்று நகரசபை ஒரு பூட்டைப் போட்டது. இனி எங்கள் பொறுப்பு என்று கல்வித்துறை அதன் பக்கத்திலேயே இன்னொரு பூட்டைப் போட்டது. "ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்காவது கொண்டாட்டம்னு சொல்வாங்க. இங்க கூத்தாடியையும் சேர்த்துல்ல உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க" என்றார் இவர். சிரித்தோம்.

பெற்றோர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைத்தார்கள். எங்கள் வார்டு உறுப்பினர், தெருமுனைத் தையல்கடைக்காரர், எழுந்து, "நாளைக்கு மழையில கூரை ஒழுகினா தலைநகரத்துக்காம்மா ஓடுவ? இப்பன்னா என் கடைக்கு வந்து என் சட்டையைப் புடிக்கலாம். போன மழைக்கு வந்து புடிச்சியா இல்லையா?" என்று என்னையே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். உண்மைதான், பிடித்தேன். இரண்டாம் நாளே ஓடு மாற்றினார்.

கல்வித்துறையிலிருந்து வந்தவள் என் வயதுப் பெண். அவளுக்குக் கோபமே வரவில்லை. "உங்க ஊர்ல இந்த அறை இருக்குங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் இதே மாதிரி பிள்ளைங்க இருக்கு, அறை இல்ல. அவங்க நகரசபைக்கு அக்கறை இல்ல. அந்தப் பிள்ளைங்க யார் சட்டையைப் புடிக்கிறது?" என்றாள்.

அக்கா, கல்லூரியில் இதையே கட்டுரையாக எழுதச் சொல்லியிருந்தால் இரண்டு பக்கத்து நியாயத்தையும் அழகாக எழுதியிருப்பேன். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்கும்போது, யாரிடம் வேண்டுமானாலும் இருக்கட்டும், கதவைத் திறங்கள் என்றுதான் கத்தத் தோன்றியது. கத்தினேன். தையல்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண்ணும்தான். வருகிற திங்கட்கிழமை இரண்டு சாவியும் வரும் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டார்கள்.

வந்தார்கள். அதைத்தான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. காலையில் கல்வித்துறை ஆள் வந்து தன் பூட்டைத் திறந்தார். நகரசபைப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அறையை அரைகுறையாக விட்டுப் போனால் நாளைக்குத் தன் தலையில் விழும் என்று, தன் பூட்டை மறுபடி மாட்டிவிட்டுப் போய்விட்டார். மதியம் நகரசபை குமாஸ்தா வந்தார். அவரும் திறந்தார், மற்றப் பூட்டைப் பார்த்தார், அவரும் மாட்டிவிட்டுப் போனார். காவலுக்கு இருக்கிற அம்மாள்தான் சொன்னாள். "ரெண்டு பேரும் நல்ல மனுசங்கதாம்மா, சொன்ன நாளுக்குக் கரெக்டா வந்தாங்க" என்றாள். இரண்டு அலுவலகத்துக் கோப்பிலும் இப்போது, வந்தோம், திறந்தோம் என்று இருக்கிறதாம்.

வாயாடி தினமும் பள்ளி விட்டதும் அந்தக் கதவில் உள்ளங்கையை வைத்து நிற்கிறாள். உள்ளே பெட்டி ஓடினால் கதவு லேசாக அதிரும், அது அவளுக்குத் தெரியும். கொஞ்சநேரம் நின்றுவிட்டு என்னிடம் வருவாள். முதலில் எல்லாம் "இல்ல" என்பாள். இப்போது கையை மட்டும் விரிக்கிறாள்.

வீட்டில் கண்ணாடி முன்னால் உட்கார்த்தி நானே சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். என் தொண்டையில் கை வைத்தால் சிரித்துக்கொண்டு எடுத்துவிடுகிறாள். நான் அம்மா, டீச்சர் இல்லை. முந்தாநாள் சாப்பிடும்போது தம்ளரைக் காட்டினாள். "தண்ணி" என்று சொன்னால்தான் தருவேன் என்று தம்ளரைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு நன்றாக வந்த வார்த்தை அது. என் வாயையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் குழாயில் கையேந்திக் குடித்துவிட்டு வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி சோற்றைப் பிசைந்தாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

அந்த டீச்சரை உங்கள் ஊருக்கு மாற்றிவிட்டார்கள். தபால் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய பள்ளியில் இதே மாதிரி அறை இருக்கிறதாம், அங்கே. உன் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தானே? ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வா. வாயாடியின் பெரியம்மா என்று சொன்னால் போதும், உட்காரச் சொல்லிப் பேசுவாள். வகுப்பில் ஒரு இடம் இருக்குமா என்று மட்டும் கேள்.

போன வருஷம் "இவளை எங்கிட்ட விட்டுட்டுப் போயேன்" என்று நீ விளையாட்டாகச் சொன்னாய். வாயாடி இல்லாத வீட்டில் சுவரோடா பேசுவேன் என்று நானும் சிரித்தேன். இவரிடம் இன்னும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் நேற்று அவள் உடுப்புகளை எடுத்து, எது சின்னதாகிவிட்டது, எது போடலாம் என்று பிரித்து வைத்தேன். இவர் பார்த்தார். உட்கார்ந்து சின்னதானவற்றை மடித்து வைத்தார்.

பால் ஆறினால் குடிக்கமாட்டாள். சட்டையைத் தலைவழியாக மாட்டும்போது கண் மறையும், பயப்படுவாள்; பொத்தான் வைத்ததுதான் போடவேண்டும். பின்னாலிருந்து தொடாதே. இரவில் என் தொண்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். பாட்டெல்லாம் வேண்டாம், வெறுமனே "ம்ம்" என்று முனகிக்கொண்டிருந்தால் போதும். நிறுத்தினால் விழித்துக்கொள்வாள். உனக்குக் குரல் கனம், அக்கா. அவளுக்குப் பிடிக்கும்.

நீயும் அத்தானும் நன்றாக இருக்கவேண்டும். டீச்சரைப் பார்த்த அன்றே, தள்ளிப்போடாமல், எனக்குப் பதில் எழுது.

உன் அன்புத் தங்கை