சுவர்க் கடிகாரம் என்று நினைத்த சத்தம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம், அப்பாவின் முழங்கை மட்டும்தான் கொஞ்சம் சுகமில்லை. நீ நல்லபடியாக இருக்கிறாயா? சில நாளாக நீ போன் செய்தால் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறேன் என்று வருத்தப்பட்டிருப்பாய். காரணம் இருக்கிறது, பதறாமல் படி.

போன வாரம் அப்பா கடிகாரக் கடையைப் பூட்டிவிட்டு எதிர்ப்பக்கம் பால் வாங்கப் போனார். தெருவைக் கடக்கும் வெள்ளைக் கோடுகளில்தான் நடந்திருக்கிறார், சிவப்பு விளக்குக்கு மற்ற வண்டிகள் நின்றும்விட்டன, ஒரு கார் மட்டும் தன் பாட்டுக்கு வந்து இடித்துவிட்டது. முழங்கை எலும்பில் விரிசல், கட்டுப் போட்டிருக்கிறது, வேறொன்றும் இல்லை. எழுந்த மனுஷன் முதலில் பார்த்தது கைக்கடிகாரம் ஓடுகிறதா என்றுதான், உன் அப்பாவை என்ன சொல்ல! இந்தத் தெருவில் வண்டி ஓட்டுகிறவர்களைப் பற்றி வாயைத் திறந்தால் நான் மூட மாட்டேன் என்று உனக்கே தெரியும். மஞ்சள் விளக்கைப் பார்த்தால் பறப்பார்கள், முன்னால் போகிற வண்டியின் முதுகில் ஒட்டிக்கொண்டே வருவார்கள், ஏன் என்று கேட்டால் நம்மையே முறைப்பார்கள். அந்தக் கார்க்காரனையும் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கத்தான் மாடியிலிருந்து இறங்கி ஓடினேன். உன் வயதுதான் இருக்கும். காருக்குள் கிடந்த போனில் அவன் அம்மா, "சாப்பிட்டியாப்பா, ஏன்ப்பா பேச மாட்டேங்குற" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். திட்ட வந்ததை விட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பிவிட்டேன்.

பக்கத்து வீட்டு டீச்சர்தான் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் திரும்புகிற விளக்கைப் போட்டதும் காருக்குள் டிக் டிக் என்று ஒரு சத்தம். நானும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சாயங்காலம் உன்னோடு பேசும்போது கேட்குமே, அதே சத்தம். அப்பா உனக்குக் கொடுத்தனுப்பிய சுவர்க் கடிகாரம் என்றல்லவா நினைத்திருந்தோம்! "கொஞ்ச நேரம் ஓடுது, அப்புறம் நின்னுடுது, வரும்போது எடுத்துட்டு வரச் சொல்லு, நான் பாக்குறேன்" என்று அப்பா வேறு புலம்பிக்கொண்டிருந்தார். நீ சோபாவில் சாய்ந்திருக்கிறாய் என்று நம்பி நானும் ஊர்க்கதையெல்லாம் இழுத்து இழுத்துப் பேசினேன். விளக்குப் போட்டுத்தான் திரும்புகிறாய், சந்தோஷம். ஆனால் அம்மாவைக் காதில் வைத்துக்கொண்டு திரும்புகிறாயே கண்ணு. அப்பா அடிபட்டதை அந்த நேரத்தில் உனக்கு எப்படிச் சொல்வேன், அதனால்தான் இந்தக் கடிதம். உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. உன் காருக்கு முன்னால் யார் வீட்டு அப்பாவாவது வந்துவிடுவாரோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது.

இனிமேல் சாயங்காலம் நானும் கூப்பிட மாட்டேன், வண்டியிலிருந்து நீயும் கூப்பிடாதே. வண்டியில் ஏறியதும் பெல்ட்டைப் போடு, போனைப் பைக்குள் போட்டுப் பின்சீட்டில் வை. வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றி, தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகக் கூப்பிடு, எவ்வளவு நேரமானாலும் விழித்திருப்போம். அந்தச் சத்தம் கேட்டால் பேச்சின் நடுவிலேயே வைத்துவிடுவேன், கோபம் என்று நினைக்காதே.

நீயும் உன் எதிரே வருகிறவர்களும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். கடிகாரத்தில் பழுது ஒன்றுமில்லை, தூக்கிக்கொண்டு வர வேண்டாம் என்று எழுதச் சொல்கிறார். நீ முழுசாக வந்து சேர்ந்தால் போதுமாம்.

இப்படிக்கு,
நீ வீடு சேர்ந்து கூப்பிடும்வரை காத்திருக்கும்
அம்மா